ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து எழுதித் தரும் டாக்டரை அமெரிக்காவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, எச்-1பி விசாவில் வேலை. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) மாத்திரைக்குப் பழகிவிட்டார். டாக்டர் நிறுத்திய பிறகு சீட்டு இல்லாமல் வெளியே வாங்க ஆரம்பித்தார். இப்போது அவரே விட்டுவிட வேண்டும் என்கிறார். இணையத்தில் கிடைத்த டாக்டர் பட்டியலை வைத்து அக்கா போன் செய்திருக்கிறார். சில எண்கள் வேலை செய்யவில்லை, மற்ற இடங்களில் புது நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் வேறு எடுத்தாகிவிட்டது. யாரிடம் போவது?

நான் ஃபார்மசிஸ்ட். இந்த மருந்தைத் தினமும் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருப்பதால், எந்த வழியில் வருகிறவர்கள் சீக்கிரம் மருந்து வாங்குகிறார்கள், எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று ஓரளவு தெரியும்.

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதல் போன் தம்பியின் ப்ரைமரி கேர் டாக்டருக்கு. வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறாரே, அவரேதான். அவரால் புப்ரெனார்ஃபின் எழுதித் தர முடியும். சபாக்ஸோன் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த மருந்து அது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் ஃபிலிமாகவோ மாத்திரையாகவோ வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. 2000இல் வந்த ஒரு சட்டம்தான் இந்த மருந்தைச் சாதாரண கிளினிக்குக்குக் கொண்டுவந்தது, ஆனால் கூடவே ஒரு பூட்டும் போட்டது. டாக்டர் எட்டு மணி நேரப் பயிற்சி எடுத்து, தனி அனுமதி வாங்கி, எக்ஸ் என்று தொடங்கும் இன்னொரு எண்ணையும் வைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. பின்னால் இந்த எண்ணிக்கை 100 ஆனது, 2016இல் 275 ஆனது. அதே ஆக்ஸிகோடோனை வலிக்கு எழுதித் தர இந்தத் தொல்லை எதுவும் கிடையாது! பழக்கத்தை உண்டாக்கும் மருந்துக்குத் தடையில்லை, மீட்கும் மருந்துக்குத் தனி லைசென்ஸ். 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான சட்டம் இந்த எக்ஸ் அனுமதியை எடுத்துவிட்டது, நோயாளிகளின் எண்ணிக்கை வரம்பும் போயிற்று. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத டிஇஏ (மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) பதிவு வைத்திருக்கும் எந்த டாக்டரும், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, இப்போது எழுதலாம். நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட் ஆகியோருக்கும் இதே நிலைதான்.

உங்களிடம் இருக்கும் பட்டியல் பெரும்பாலும் அந்தப் பழைய அனுமதி காலத்தில் பிறந்தது. அனுமதி வாங்கியவர்களிலேயே பலர் ஒருவருக்கும் எழுதியதில்லை, சிலர் இடம் மாறிவிட்டார்கள். பட்டியல் நன்றாக இருந்த காலத்திலேயே, ஓபியாய்டு மரணம் அதிகமுள்ள சில மாநிலங்களில் ஆய்வாளர்கள் நோயாளி மாதிரிப் பேசிப் பார்த்தார்கள். மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) வைத்திருப்பதாகச் சொன்னவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்களுக்கே அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. ஆகவே உங்களுக்கு நேர்ந்தது உங்கள் துரதிர்ஷ்டம் இல்லை, அந்த முறையே அப்படித்தான்.

ப்ரைமரி கேர் அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது “அடிக்‌ஷனுக்குப் பார்ப்பீர்களா?” என்று கேட்காதீர்கள். ரிசப்ஷனில் இருப்பவர் பழக்கதோஷத்தில் “இல்லை” என்பார். தம்பி ஏற்கெனவே அங்கே நோயாளி, ஒரு மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும் என்று சீக்கிரமான நேரம் வாங்குங்கள். உள்ளே போனதும் நேராகச் சொல்லச் சொல்லுங்கள்: ஓபியாய்டு பழக்கம் இருக்கிறது, புப்ரெனார்ஃபின் தொடங்க வேண்டும், நீங்கள் எழுதுவீர்களா? டாக்டர் தயங்கினால், “எனக்கு அந்த அனுமதி இல்லை” என்றால், அது இப்போது தேவையில்லை என்று மரியாதையாக நினைவூட்டலாம். இன்னும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். மனமில்லை என்றால் கட்டாயப்படுத்திப் பயனில்லை. அதே அலுவலகத்தில் யாராவது நர்ஸ் பிராக்டிஷனர் எழுதுகிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். என் அனுபவத்தில் அவர்கள்தான் இதில் பொறுமையாக நேரம் செலவழிக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. எடிசன் பக்கம் இருந்தால் ப்ரைமரி கேர் டாக்டர் நம் ஊர்க்காரராகவே இருப்பார், கோவிலில் பார்ப்போம், சங்கப் பொங்கல் விழாவில் பார்ப்போம். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வெளியே சொல்ல மாட்டார், சொன்னால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து. ஆனாலும் தம்பிக்குக் கூச்சமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம். கூச்சத்தில் அரைகுறையாகச் சொல்வதைவிட முன்பின் தெரியாத டாக்டரிடம் முழுதாகச் சொல்வது மேல்.

அப்படியானால் அடுத்து எங்கே? நியூ ஜெர்சியில் ரீச் என்ஜே என்ற உதவி எண் இருக்கிறது: 1-844-732-2465. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். உங்கள் பகுதியில் யார் புது ஆட்களை எடுக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வார்கள். வேறு மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் சாம்சா எண் 1-800-662-4357, அதுவும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. ஃபைண்ட் ட்ரீட்மென்ட் டாட் கவ் என்ற அரசுத் தளத்திலும் தேடலாம், ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் நிறுவனங்கள். எழுதியிருப்பதை நம்பாமல், புப்ரெனார்ஃபின் அங்கேயே எழுதித் தருகிறார்களா என்று போனில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மத்திய அரசு உதவி பெறும் சமூக நல மருத்துவமனைகளைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரிவதே இல்லை. கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் என்று சொல்வார்கள். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம், இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள், விசா என்ன என்று பார்த்துத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். உங்கள் தம்பிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. வேலை போய் நிற்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்த இடம்தான்.

டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்துத்தான் என்கிறார்களா? அந்த இரண்டு வாரம்தான் ஆபத்தானது. மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போகலாம். ஓவர்டோஸ் ஆகித்தான் போக வேண்டும் என்பதில்லை. மாத்திரை இறங்கி உடம்பு முறுக்கி, வியர்த்து, வயிறு கலங்கி நிற்கும் நிலையில் போய், இதற்கு இங்கே புப்ரெனார்ஃபின் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். யேல் பல்கலைக்கழகத்தின் கெய்ல் டி’ஒனாஃப்ரியோ குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். எமர்ஜென்சிக்கு வந்த 329 பேரில், அங்கேயே மருந்து தொடங்கப்பட்டவர்களில் 78 சதவீதம் பேர் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். ஒரு சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் அது 37 சதவீதம்தான். எல்லா எமர்ஜென்சியும் ஒன்றுபோல் இருக்காது. சில இடங்களில் அலட்சியமாக நடத்துவார்கள், அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்? பெரிய மருத்துவமனைகளில் பிரிட்ஜ் கிளினிக் என்று ஒன்று இருந்தால் அங்கே போவது உத்தமம். நிரந்தர டாக்டர் கிடைக்கும்வரை மருந்து தந்து இழுத்துப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. நியூ ஜெர்சியில் 2019 முதல் ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக்குகளே இந்த மருந்தைக் கொடுக்க அனுமதி இருக்கிறது. நாட்டிலேயே இதை முதலில் செய்த மாநிலம் இதுதான்.

வீடியோ வழியாகவும் பார்க்கலாம். 2020 மார்ச்சில் கோவிட் காலத்தில் திறந்த இந்த வழி, நேரில் பார்க்காமலே முதல் மருந்தை எழுத டாக்டருக்கு இடம் தந்தது. தள்ளித் தள்ளி நீட்டித்துக்கொண்டே வந்தார்கள், 2025 ஜனவரியில் போன் மூலமாகக்கூட ஆறு மாதம்வரை எழுதலாம் என்று தனி விதியும் வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் வெளியே போக முடியாத ஐடி ஆட்களுக்கு இது வசதி. ஆனால் ஒன்று: வெளி மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் வீடியோ டாக்டரின் சீட்டைச் சில ஃபார்மசிகள் வாங்க மறுக்கின்றன. சேரும் முன்பே, “என் ஏரியாவில் எந்த ஃபார்மசி உங்கள் சீட்டுக்கு மருந்து தருகிறது?” என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

டாக்டர் கிடைத்தாலும் ஃபார்மசியில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். எங்களுக்குச் சப்ளை செய்யும் மொத்த வியாபாரிகள், கட்டுப்படுத்தப்பட்ட மருந்தின் ஆர்டர் திடீரென்று கூடினால் சந்தேக ஆர்டர் என்று குறித்துவிடுவார்கள். அதற்குப் பயந்து சில கடைகள் குறைவாக வைத்திருக்கும், சில புது ஆட்களுக்குத் தராது. எனவே டாக்டர் சீட்டை அனுப்பும் முன், கிளினிக்கில் இருந்துகொண்டே ஃபார்மசிக்குப் போன் போடுங்கள். எட்டு மில்லிகிராம் ஃபிலிம் இருக்கிறதா, ஜெனரிக் இருக்கிறதா, இன்று கிடைக்குமா என்று கேளுங்கள். பிராண்டைவிட ஜெனரிக் விலை மிகவும் குறைவு, வேலை ஒன்றுதான். சில இன்ஷூரன்ஸ் ஃபிலிமுக்கு முன் அனுமதி கேட்டு மாத்திரைக்குக் கேட்காது, சில அதற்கு நேர்மாறு. டாக்டர் ஒன்றை எழுதி அது மாட்டிக்கொண்டால், நாள் கணக்கில் காத்திருக்காமல் மற்றதாக மாற்றி எழுதச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை மாலை சீட்டு வாங்குவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். திங்கள்வரை யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

மருந்துகள் மூன்று இருக்கின்றன, தேடும் இடம் எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. மெத்தடோனை எந்த டாக்டரும் வலிக்கு எழுதலாம், பழக்கத்துக்கு எழுதிக் கடையில் வாங்க முடியாது. அதற்கென்று உரிமம் பெற்ற ஓடிபி (ஓபியாய்டு ட்ரீட்மென்ட் ப்ரோக்ராம்) கிளினிக்குக்குப் போய் வாங்க வேண்டும். முன்பு மாதக்கணக்கில் தினமும் காலையில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2024இல் வந்த விதிப்படி, டாக்டர் சரியென்று கருதினால், முதல் இரண்டு வாரத்திலேயே 7 நாள் மருந்துவரை வீட்டுக்குத் தரலாம், ஒரு மாதம் கடந்தால் 28 நாள்வரை தரலாம். தரலாம் என்றுதான் விதி, தர வேண்டும் என்று இல்லை. புப்ரெனார்ஃபின் பிடிக்காதவர்களுக்கும் ஃபென்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டை அதிகம் எடுத்தவர்களுக்கும் மெத்தடோன் நன்றாக வேலை செய்கிறது. அதைக் கடைசிப் போக்கிடம் போல நினைக்கத் தேவையில்லை.

மூன்றாவது நால்ட்ரெக்ஸோன், விவிட்ரால் என்ற மாத ஊசி. இதில் ஓபியாய்டே கிடையாது என்பதால் நம் குடும்பங்கள் இதைத்தான் முதலில் கேட்கும். ஆனால் தொடங்கும் முன் ஏழு முதல் பத்து நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும், அந்தப் பத்து நாளைக் கடக்க முடியாமல் திரும்பப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். மாசசூசெட்ஸில் ஓவர்டோஸில் பிழைத்த 17,568 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. மெத்தடோன் எடுத்தவர்களிடம் மரணம் 59 சதவீதம் குறைவு, புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடம் 38 சதவீதம் குறைவு. நால்ட்ரெக்ஸோனில் அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், உங்கள் தம்பிக்கு முதலில் புப்ரெனார்ஃபின்.

அம்மா கேட்பார்கள்: ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா? புப்ரெனார்ஃபின் மூளையில் ஆக்ஸிகோடோன் உட்காரும் அதே இடத்தில் உட்காரும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் அதன் தாக்கம், மூச்சை அடக்குவது உட்பட, அதே வீதத்தில் கூடாது. பிடியும் இறுக்கம், மேலே வேறு ஓபியாய்டு எடுத்தாலும் பெரிதாக ஏறாது. ஒரு நாள் முழுக்க நிற்கும் என்பதால் அடுத்த மாத்திரைக்காக அலைவது நின்று, ஆள் வேலைக்குப் போவார், தூங்குவார், சாப்பிடுவார். எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று இப்போதே கேட்காதீர்கள். வருடக்கணக்கில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை.

நான் உரக்கச் சொல்ல விரும்புவது இதுதான்: மருந்து தராத ரீஹாப், ஒரு வாரம் வைத்திருந்து சுத்தமாக்கி அனுப்பும் டிடாக்ஸ், “ஊருக்கு அனுப்பி ஒரு மாதம் வீட்டில் வைத்துக்கொள்கிறோம்” என்பது, இவை மூன்றும் ஒரே ஆபத்து. சில வாரம் எடுக்காமல் இருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அதற்குப் பிறகு பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுவிடலாம். பல்லாயிரம் டாலர் வாங்கும் அழகான ரீஹாப்புகள் இருக்கின்றன, ஏரி தெரியும் அறை, யோகா எல்லாம் உண்டு. சேர்க்கும் முன் ஒரே கேள்வி: புப்ரெனார்ஃபின் தொடங்கி, வெளியே அனுப்பும்போது சீட்டோடு அனுப்புவீர்களா? இல்லை என்றால் வேண்டாம். கவுன்சிலிங் நல்லதுதான், கிடைத்தால் போகட்டும். ஆனால் கவுன்சிலிங் நேரம் கிடைக்கும்வரை மருந்து கிடையாது என்பவர்களிடம் மாட்டாதீர்கள்.

வேறு சில கிளினிக்குகளையும் தவிர்க்கச் சொல்வேன். இன்ஷூரன்ஸ் வாங்காமல் மாதம் சில நூறு டாலர் கையில் கேட்பவர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் ஒருமுறை ஏதாவது போதைப்பொருள் தெரிந்துவிட்டால் மருந்தை நிறுத்திவிடுபவர்கள். நோய் அதிகமாக இருக்கும்போதுதானே மருந்து தேவை? எந்த அளவு வேண்டும் என்று பார்க்காமல் எல்லோருக்கும் எட்டு மில்லிகிராமோடு நிறுத்துபவர்கள். பலருக்கு 16 தேவைப்படும், சிலருக்கு 24.

முதல் டோஸ் பற்றி டாக்டரிடம் விவரமாகப் பேசச் சொல்லுங்கள். வெளியே வாங்கும் நீல நிற “30” மாத்திரைகளில் பெரும்பாலும் ஆக்ஸிகோடோன் இருப்பதில்லை, ஃபென்டனில்தான். ஆகவே தான் எடுப்பது ஆக்ஸிகோடோன் என்று தம்பி நினைத்தாலும், எங்கே வாங்கினார் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்பில் ஓபியாய்டு இருக்கும்போதே புப்ரெனார்ஃபினை வைத்தால் அது உள்ளே இருப்பதைத் தள்ளிவிட்டு உட்காரும், வித்ட்ராவல் (ஓபியாய்டு இறங்கும்போது வரும் உடல் வேதனை) ஒரே அடியாக வந்து ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். சாதாரணமாக 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, உடம்பு நன்றாக முறுக்க ஆரம்பித்த பிறகு தொடங்குவார்கள். ஃபென்டனில் கொழுப்பில் தங்குவதால் இன்னும் தாமதமாகலாம், அல்லது மிகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றும் முறை இருக்கிறது. முதல் நாள் மோசமாகப் போனால் மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அப்புறம், கரைந்து முடிந்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்க வேண்டும். பல் சொத்தை பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022இல் எச்சரித்திருக்கிறது.

டாக்டர் கிடைப்பதற்கு முன்பே, இன்றே, வீட்டில் நார்கேன் இருக்கட்டும், ஓவர்டோஸை முறிக்கும் மூக்கு ஸ்பிரே அது. நியூ ஜெர்சியில் இதற்குச் சேர்ந்திருக்கும் ஃபார்மசிகளில் 14 வயது நிரம்பிய யாரும் பெயர் சொல்லாமல் இலவசமாக வாங்கலாம். மற்ற மாநிலங்களில் 2023 முதல் சீட்டு இல்லாமல் விலைக்குக் கிடைக்கிறது. தம்பி அறைக் கதவைப் பூட்டாமல் இருப்பதாக ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. மூச்சு மெதுவாகி உதடு நீலமானால் மூக்கில் ஒன்று அடித்துவிட்டு 911.

வேலை, விசா பற்றிய பயத்துக்கு வருகிறேன். சிகிச்சை விவரத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜருக்குச் சொல்லாது. போதை சிகிச்சைப் பதிவுகளுக்குச் சாதாரண மருத்துவப் பதிவுகளைவிடக் கடுமையான தனி ரகசிய விதி மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. டாக்டர் எழுதித் தந்த மருந்தை எடுக்கிறார் என்பதற்காக மட்டும் வேலையில் பாகுபாடு காட்டுவது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு எதிரானது என்று மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் 2022இல் தெளிவாக எழுதியிருக்கிறது. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனை வேறு விஷயம். அங்கே போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார்கள், நடப்பில் இருந்தால் விண்ணப்பம் நிற்கும், 12 மாதம் விலகி இருந்தது தெரிந்தால் அந்தத் தடை விலகும். ஆகவே சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இதிலும் நஷ்டமே. அந்தப் படிவத்தைத் தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், நண்பர்களிடம் கேட்டு நிரப்பாதீர்கள்.

டிசம்பர் பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை. ஆனால் ஊரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இந்த மருந்து போதை மீட்பு மையங்கள் வழியாகத்தான் கிடைக்கும், தெருமுனை மெடிக்கலில் கேட்டால் கிடைக்காது. போகும் நாட்களுக்கும் ஒரு வாரம் கூடுதலுக்கும் இங்கேயே வாங்க, ஒரு மாதம் முன்பே டாக்டரிடமும் இன்ஷூரன்ஸிடமும் சொல்லிவையுங்கள். மருந்து அதன் லேபிள் ஒட்டிய பெட்டியிலேயே இருக்க வேண்டும், டாக்டர் கடிதம் கையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. துபாய், அபுதாபி வழியாக டிக்கெட் என்றால் அந்த நாட்டு விதியைத் தனியாகப் பாருங்கள். அமீரகத்தில் இப்படிப்பட்ட மருந்துகளைக் கொண்டுவர முன் அனுமதி கேட்கிறார்கள். அக்டோபருக்குள் தம்பி புப்ரெனார்ஃபினில் நிலையாகிவிட்டால், சப்லோகேட் அல்லது ப்ரிக்ஸாடி என்ற மாத ஊசிக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயணத்துக்குச் சில நாள் முன் போட்டுக்கொண்டால் பெட்டியில் எதுவும் எடுத்துப்போக வேண்டியதில்லை.